கொடி ஏத்தியாச்சா?

இதை எந்த அளவுக்குச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேன் என்று எனக்கே சந்தேகம்தான். அந்த நோட்டீஸ் வந்தது தீபாவளிக்கு முன்பா பின்பா என்பது உறுதியில்லை. மழை பெய்துகொண்டிருந்தது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் மாடம்பாக்கத்தில் அந்த மாதங்களை நினைத்தாலே மழை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதிலும் முன்பின் இருக்கலாம். ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. அதைப் பல பேர் வாயால் கேட்டாயிற்று. "கொடி ஏத்தியாச்சா?"

அகரம்தென் சாலையில் ஒரு அரிசி மண்டிக்குப் பின்னால் அந்தச் சமையற்கூடம் இருந்தது. சிறுசேரி கம்பெனிகளில் மத்தியானம் தட்டேந்தி வரிசையில் நிற்கிறவர்களுக்கான சாம்பாரும் பொரியலும் சப்பாத்தியும் அங்கிருந்துதான் வேன் ஏறின. உள்ளே போனால் முதலில் கண்ணைக் கரிப்பது வெங்காயம், பிறகு நீராவி, அதற்கும் பிறகு பினாயில். ஆட்கள் அதிகம், இடம் குறைவு. யார் வந்தார்கள், யார் எந்த மேடையில் நிற்கிறார்கள், எந்த மெஷினைக் கழுவியாயிற்று என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு சாஃப்ட்வேர் வாங்கி, சுவரில் திருகிய டேப்லெட்டில் ஓடவிட்டிருந்தார்கள். அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒரு மெஷினைக் கழுவுவதற்காகப் பூட்டினால், ஷிஃப்ட் சூப்பர்வைசர் நேரில் வந்து உள்ளே கையும் துணியும் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத் தன் பெயரில் அனுமதி கொடுக்கும்வரை அந்த மெஷினுக்குக் கரண்ட் போகாது. கொடுத்ததும் திரையில் பச்சை விழும்.

அப்போது சூப்பர்வைசர் ஜெயக்கொடி. மாடம்பாக்கத்துக்காரி. புருஷன் வெற்றிவேலுக்கு, குடும்ப நிலம் மனையாகிப் போனபின் மிஞ்சிய துண்டு இடத்தில் செங்கல், மணல் வியாபாரம். சாஃப்ட்வேரில் அவள் பெயர் 'கொடி' என்று பதிந்திருந்தது. "கொடியக் கூப்புடு, பச்சை போடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல "கொடி போடு" என்றார்கள். வாயில் எப்போதும் வெற்றிலையோடு நிற்கும் ஒரு சமையற்காரர், "சுதந்திர தினம் கணக்கா கொடி ஏத்துங்கம்மா" என்று ஒருநாள் கேலி செய்தார். அதுவே நிலைத்துவிட்டது. அனுமதி கொடுப்பது என்றால் கொடி ஏத்துவது.

அந்தச் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளக் குரோம்பேட்டையிலிருந்து பாலு என்பவர் மாதா மாதம் வருவார். விட்டுப் போனவர்களை எடுப்பார், புதிதாக வந்தவர்களைச் சேர்ப்பார், எது மந்தமாக இருக்கிறதோ அதைச் சரிசெய்வார். வந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் தட்டிக்கொண்டிருப்பார். சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். அதனால்தானோ என்னவோ, செலவைக் குறைக்கும் காலம் வந்தபோது மேனேஜர் அரிகிருஷ்ணனின் கண் முதலில் அவர்மேல் விழுந்தது.

"ஓடிக்கிட்டுதானே இருக்கு பாலு? ஓடுற வண்டிய எதுக்கு மாசாமாசம் பிரிச்சுப் பாக்கணும்?"

"சார், காய் நறுக்கற மெஷின் பிளேடு தேயுதுல்ல, மாத்தறீங்கல்ல? இதுவும் தேயும் சார். கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

"சாஃப்ட்வேர் எப்படிப்பா தேயும்? துருவா புடிக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயக்கொடியும் சிரித்தாள். பாலு பையை மாட்டிக்கொண்டு போனவர்தான், திரும்ப வரவில்லை.

அதன்பிறகு அது தேய்ந்தது. முதலில் ஆட்களின் படம் காணாமல் போயிற்று. பிறகு வேலையை விட்டுப் போனவர்களெல்லாம் தினமும் 'வரவில்லை' என்று சிவப்பில் நின்றார்கள். புதிய ஆள் பெயரைச் சேர்க்க முடியவில்லை. இதற்கெல்லாம் யாரும் கலங்கவில்லை. பழகிக்கொண்டார்கள். கெட்டுப் போவதைச் சரிசெய்வதைவிட அதோடு பழகிக்கொள்வதில் நமக்கு இருக்கும் கெட்டிக்காரத்தனம் வேறு யாருக்கும் இல்லை. நாத்தனார் கல்யாணத்துக்கு ஜெயக்கொடி லீவு கேட்டபோது அரிகிருஷ்ணன், "பாஸ்வேர்டு குடுத்துட்டுப் போம்மா, சோறு நிக்கக்கூடாது" என்றார். கொடுத்தாள். திரும்பி வந்தபோது எல்லோருக்கும் அது மனப்பாடம்.

அவள் வேலையை விட்டு குரோம்பேட்டையில் ஒரு கல்லூரி ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு மாறினாள். போகும்போது கேட்டாள். அரிகிருஷ்ணன் வெற்றிவேலுக்குச் சித்தப்பா முறை, அவளுக்கு மாமா. வேலை இடத்தில் சார் என்பாள். அன்று மட்டும், "மாமா, என் பேர அதுலேர்ந்து எடுத்துடுங்க" என்றாள்.

"எடுத்துடலாம்மா. ஆள் வரட்டும்."

ஆள் வரவே இல்லை. அவள் இடத்துக்கு ஹில்டா வந்தாள். சேலையூர்ப் பெண், குரல் பெரிது, வேலையில் சுறுசுறுப்பு. அவள் பெயரைச் சேர்க்கச் சாஃப்ட்வேர் மறுத்தது. ஆகவே அவளும் அதே பாஸ்வேர்டில் கொடி ஏத்தினாள். வருஷங்கள் போயின. பழைய ஆட்கள் கலைந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குத் திரையில் விழும் பச்சைக் கட்டம்தான் கொடி. அப்படி ஒரு பொம்பளை இருந்தாள் என்பதே அங்கே பலருக்குத் தெரியாது.

நோட்டீஸை ஒரு போலீஸ்காரர் வெற்றிவேலின் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். மணல் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள், கூலிக்காரர்கள், பக்கத்து டீக்கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மெஸ்ஸிலிருந்து வந்து ஜெயக்கொடி குடையை மடக்குவதற்குள் வெற்றிவேல் ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாடி பண்ணிட்டு வந்துக்கிற? கடைக்குப் போலீஸ் வருது."

"நான் இன்னா பண்ணேன்?"

"மாவு மெஷின்ல ஒருத்தன் கை போயிக்கிது. நீதான் ஓட்டச் சொன்னியாம். உன் பேரு போட்டுக் கீது பாரு."

வாங்கிப் படித்தாள். அகரம்தென் சமையற்கூடத்தில் ஜெபின் என்கிற தொழிலாளி மாவு பிசையும் மெஷினுக்குள் கையை விட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, சூப்பர்வைசர் ஜெயக்கொடி கவனக்குறைவாக அனுமதி கொடுத்ததில் மெஷின் ஓடி, வலது கை நசுங்கியது. விசாரணைக்கு ஆஜராக வேண்டும்.

"அன்னிக்கு நான் மெஸ்ஸுல பொங்கல் கிண்டிக்கினு இருந்தேன்."

"அத்த யாரு கேக்கறா? பேரு உன்னிது."

"பேரு என்னிதுதான். கை என்னிது இல்லையே."

லாரியில் ஒருவன் மண்வெட்டியை இரும்பில் தட்டினான். மெஸ்ஸில் தெரிந்தால் அங்கேயும் வேலை போகும். ஒருவன் கையை ஒடித்தவள் என்று பெயர் வாங்கியவளை எந்த அடுப்படியிலும் நிறுத்தமாட்டார்கள். அவளுக்குத் தெரிந்தது அடுப்படி வேலை ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் அரிகிருஷ்ணனே வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். ஜெயக்கொடி காப்பி கொடுத்தாள். உறவுக்காரர் வீட்டுக்கு வந்தால் கொடுத்துத்தானே ஆகவேண்டும். அவர் ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"பெரிய விஷயமே இல்லம்மா. நீ ஒரு லெட்டர் குடு. வேலைய விட்டாலும் அப்பப்ப ஹெல்ப்புக்கு வருவேன், அன்னைக்கும் வந்திருந்தேன், தெரியாம நடந்துபோச்சுன்னு. ஃபைன் வந்தா கம்பெனி பாத்துக்கும்."

"நான் வரலியே."

"வரலதான். ஆனா சிஸ்டம் என்ன சொல்லுது? ஜெயக்கொடின்னு சொல்லுது. சிஸ்டம் தப்புன்னா இத்தனை வருஷம் அதுல போட்ட அட்டெண்டன்ஸ், ஷிஃப்ட்டு எல்லாமே தப்புன்னு ஆயிடும். கம்பெனியையே இழுத்து மூடிடுவாங்க. எத்தனை குடும்பம் இருக்கு, யோசி."

"அப்போ என் குடும்பம்?"

"உனக்கு வெற்றி இருக்கான், கடை இருக்கு. நம்ம வீட்டுப் பொண்ணு நீ. வெளியாளா இருந்தா கேப்பேனா?"

வெற்றிவேல் தலையைக் குனிந்து பாயின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

"நம்ம வூட்டுப் பொண்ணுன்னு நோட்டீஸ்ல என் பேரு போடும்போது ஞாபகம் வரலியா மாமா? ஒரு பேர எடுக்கறதுக்கு ஒரு ஆள வரவைக்க முடியல உங்களால. இப்போ மெஷின ஓட்டுன ஆளே நாந்தான்னு எழுதிக் குடுக்கணுமா?"

"கத்தாதம்மா. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அடிபட்ட பையனே உன் பேரத்தான் சொல்லியிருக்கான். 'கொடி ஏத்துனாங்க, அப்புறம்தான் ஓடுச்சு'ன்னு. ஆஸ்பத்திரியில வெச்சே எழுதி வாங்கியாச்சு."

அவர் போனபின் வாழைப்பழம் அங்கேயே கிடந்தது. ஜெயக்கொடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தான் முகம் பார்த்தறியாத ஒருவன் தன்னைக் கைகாட்டியிருக்கிறான். அவனுக்குத் தன்மேல் என்ன விரோதம்? மாமாவின் திருட்டுப் பேச்சைவிட அதுதான் அவளை அதிகம் குடைந்தது. நோட்டீஸில் இருந்த விலாசத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினாள்.

ஜெபின் குடியிருந்தது கஸ்பாபுரத்தில், ஏரிக்கு வடிகிற தண்ணீர் தெருவிலேயே தேங்கும் ஒரு வரிசை வீட்டில். வாசலில் செங்கல் போட்டு அதன்மேல் கால் வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். அவன் மனைவி சினேகா அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது ஆள், பெரிய உருவம். வாயைத் திறந்து வாங்கக் கூச்சப்பட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே விழுங்கினான். தோளிலிருந்து விரல் வரை கட்டு.

"யாருக்கா நீங்க? கம்பெனியிலேர்ந்து வரீங்களா?" என்றான்.

"இல்லப்பா. நான் ஜெயக்கொடி."

அவன் முகத்தில் ஒன்றும் தோன்றவில்லை. "சொல்லுங்கக்கா" என்றான்.

"நாந்தாம்ப்பா கொடி."

"எந்தக் கொடி?"

"நீ சொன்ன கொடி. கொடி ஏத்துனாங்கன்னு சொன்னியே."

ஜெபின் சினேகாவைப் பார்த்தான். சினேகா அவனைப் பார்த்தாள். "அக்கா, கொடின்றது அந்தப் பச்சைக் கட்டம்க்கா," என்றான் அவன், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "டேப்ல விழும்ல? ஆளு இல்லக்கா அது."

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாகவே முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்கக் கேட்க எழுந்து நேராக உட்கார்ந்தான்.

"ஐயோ, நான் ஹில்டாக்கா ஏத்துனாங்கன்னுதான் சொன்னேன். அவங்க காய் மெஷினுக்குத்தான் ஏத்தினாங்க. இப்போல்லாம் ஒரு மெஷினுக்கு மட்டும் ஏத்த முடியாதுக்கா. தனித்தனி பட்டன் செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. 'எல்லாம்'னு ஒண்ணுதான் வேல செய்யும். அத்தத் தொட்டா மொத்தமும் ஓடும். அதனால தொடறதுக்கு முன்னாடி கத்துவாங்க. 'கொடி ஏத்தறேன், கைய எடு!' அன்னிக்கும் கத்தியிருப்பாங்க. கிரைண்டர் சத்தத்துல எனுக்குக் கேக்கல."

"ஹில்டா பேரு சொன்னியா?"

"சொன்னேன். கம்பெனியிலேர்ந்து எழுதிக்கினு வந்தவரு மயக்கத்துல இருந்த என்கிட்ட கையெழுத்து கேட்டாரு. கை எங்க கீது? கட்டைவெரலத்தான் அழுத்திக்கினு போனாரு, இடது கையில."

"அத்த நீ விசாரணையில சொல்லுப்பா."

சினேகா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

"சொன்னா ஆஸ்பத்திரி செலவ யாருக்கா பாப்பாங்க? இன்னும் ஒரு ஆபரேஷன் கீது. கம்பெனிதான் பாக்குது. வேற மாதிரி பேசினா நிறுத்திடுவோம்னு நேராவே சொல்லிட்டாங்க. உங்களுக்குப் பேருல அடி. இவருக்குக் கையில அடி. நீங்களே சொல்லுங்க, எத்த நான் முதல்ல பாக்கணும்?"

வாசலில் செங்கல்மேல் தவளை ஒன்று ஏறி இறங்கியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கு எது சரின்னு படுதோ அத்தப் பண்ணுங்க" என்று ஒருவாறு சொல்லிவிட்டு ஜெயக்கொடி எழுந்தாள். ஷேர் ஆட்டோவில் வரும்போதுதான் கோபம் வந்தது. சினேகாமேல் வரவில்லை. இந்த இரண்டு அடியையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, தான் நிம்மதியாகக் காப்பி ஆற்றிக் குடிக்கிறவர்மேல் வந்தது.

"லெட்டர் குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்று அன்று வெற்றிவேல் இழுத்தான். "சித்தப்பா மூஞ்சிக்காக."

"உங்க சித்தப்பா மூஞ்சிக்கு என் பேர எடுத்துப் பூசணுமா? குடுங்க. என் கையெழுத்த நீங்களே போடுங்க. அங்கதான் யாரு வேணா யாரு பேர்ல வேணா போடலாமே."

அவன் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விசாரணை சமையற்கூடத்து மாடியில், அரிகிருஷ்ணனின் அறையில் நடந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. வந்ததுமே கீழே போய்ப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினார். மாவு மெஷினின் கம்பி மூடியில் அவர் முன்பு ஒட்டிய சீல் அப்படியே இருந்தது. கண்ணாடித் தடுப்பு வழியாகக் கீழே அடுப்படி முழுவதும் தெரிந்தது. சிறுசேரி வேன்கள் வாசலில் நின்றன. விசாரணை என்பதற்காக யாருக்கும் பசிக்காமல் இருக்கப் போவதில்லை.

"இந்த அம்மாவை அன்னைக்குப் பார்த்தீங்களா?" என்று ஆய்வாளர் ஜெபினைக் கேட்டார்.

ஜெபின் தரையைப் பார்த்தான். சினேகா அவன் பின்னால் நின்றிருந்தாள். அரிகிருஷ்ணன் பேனாவைத் திறந்து மூடினார்.

"கேக்கறேன்ல? பார்த்தீங்களா?"

"ஞாபகம் இல்ல மேடம்" என்றான்.

ஜெயக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். ஆய்வாளர் ஹில்டா பக்கம் திரும்பினார்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நான்... காய் பக்கம் இருந்தேன் மேடம்."

"அனுமதி யார் கொடுத்தது?"

ஹில்டா அரிகிருஷ்ணனைப் பார்த்தாள். "சிஸ்டத்துல இருக்கறதுதான் மேடம்" என்று அவர் சொல்லத் தொடங்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கை முழுக்க கோதுமை மாவு.

"ஹில்டாக்கா, இன்னாக்கா இங்கயே குந்திக்கினீங்க? தேங்கா மெஷின் கழுவி எவ்ளோ நேரமாவுது! வேன்காரன் ஒரே பேஜாரு பண்றான். வந்து கொடி ஏத்துங்க!"

ஹில்டாவை இதற்காக யாரும் குறை சொல்ல முடியாது. வருஷக்கணக்காக அந்தக் குரல் கேட்டதும் எழுந்த கால்கள். "தோ வரேன்" என்று எழுந்தாள். அரிகிருஷ்ணன், "ஹில்டா!" என்று அடிக்குரலில் கூப்பிட்டது அவள் படியிறங்கிய பிறகுதான். கீழே அவள் குரல் பெரிதாகக் கேட்டது. "கொடி ஏத்தறேன், கைய எடு! எல்லாரும் கைய எடு!"

எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடின. மேஜைமேல் இருந்த தண்ணீர்த் தம்ளர் நடுங்கியது. தேங்காய் மெஷின், காய் மெஷின், கிரைண்டர். அவற்றோடு, மூடியில் சீல் ஒட்டிய மாவு மெஷினும். கழுவிய காலி அண்டாவுக்குள் அதன் இரும்புக் கொக்கி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெபின் எழுந்துவிட்டான். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் ஒண்டினான். "நிறுத்தச் சொல்லுங்க! ஐயோ, நிறுத்துங்க!" சினேகா அவன் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினாள்.

ஆய்வாளர் கீழே ஓடினார். மெஷின்கள் நின்றன. அவர் திரும்ப மேலே வந்தபோது முகம் சிவந்திருந்தது. டேப்லெட்டைச் சுவரிலிருந்தே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் போட்டார்.

"இப்போ அனுமதி குடுத்தது ஜெயக்கொடின்னு காட்டுது. நீங்க எழுந்தீங்களாம்மா?"

"நான் ஒக்காந்த எடத்துலதான் கீறேன் மேடம்" என்றாள் ஜெயக்கொடி.

"சார், சீல் வெச்ச மெஷினுக்கு கரண்ட் ஏன் போகுது?"

"அது வந்து மேடம்... தனியா ஆஃப் பண்ண சிஸ்டத்துல இப்போ ஆப்ஷன் இல்ல. அப்டேட் பண்ணணும்னு பேசிட்டுதான் இருந்தோம்..."

"யார்கிட்ட பேசினீங்க?"

அதற்குள் ஜெயக்கொடி பேசினாள். தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"சொல்லுங்க சார். எண்ணெய் கருத்தா மாத்தறீங்க. தொடப்பம் தேஞ்சா புதுசு வாங்கறீங்க. மனுசன் கை உள்ள கீதா இல்லையான்னு சொல்ற ஒண்ணு, அத்த மட்டும் ஏன் சார் வுட்டீங்க? அதுல செத்தவன் பேரு கீது, போனவன் பேரு கீது, என் பேரு கீது. வேல செய்யறவ பேரு மட்டும் இல்ல. பாலு சொன்னப்போ துருவா புடிக்கும்னு கேட்டீங்க. நானும்தான் சிரிச்சேன். இப்போ இந்தப் பையன் கையப் பாத்து சிரிங்க."

"குடும்ப விஷயத்த இங்க..." என்றார் அவர் மெதுவாக.

"இங்க நான் உங்க வூட்டுப் பொண்ணு இல்ல சார்."

சுவரோரத்திலிருந்து ஜெபின் சொன்னான். மூச்சு இன்னும் வாங்கியது. "மேடம், எழுதிக்குங்க. இந்தக்காவ நான் அன்னிக்குப் பாக்கல. போன ஞாயித்துக்கிழமதான் மொத மொதல்ல பாத்தேன். கொடின்றது ஒரு ஆளுன்னே எனுக்குத் தெரியாது."

சினேகா அவனைத் தடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அன்று சிறுசேரிக்குத் தேங்காய்ச் சட்னி போகவில்லை என்று சொல்வார்கள்.

ஜெயக்கொடியின் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மெஸ்ஸில் அவளுக்கு வேலை இருக்கிறது. வெற்றிவேல் கடையைப் பார்த்துக்கொள்கிறான். சித்தப்பா வீட்டு விசேஷங்களுக்கு இப்போது போவதில்லை, அவர்களும் அழைப்பதில்லை. ஜெபினுக்கு ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில் நடந்தது. இரண்டு விரல்கள் அசையும். கேம்ப் ரோடு பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறான். சினேகா அங்கேயே வீட்டு வேலை செய்கிறாள். நஷ்ட ஈட்டு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சமையற்கூடம் கொஞ்ச காலம் மூடியிருந்து வேறு பெயரில் திறந்தது. பழைய டேப்லெட்டைப் போட்டுவிட்டுப் புதிய சாஃப்ட்வேர் வாங்கினார்கள். அதைப் பார்த்துக்கொள்ள யாரையாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. பாலு ஓசூர் பக்கம் போய்விட்டார். அரிகிருஷ்ணன் அதே சமையற்கூடத்தில் இப்போது பங்குதாரர்.

பச்சையைத் தொட்டது ஹில்டாவின் விரல் என்பதால் வழக்கு ஹில்டாவின்மேல் திரும்பியது. வேலை போய்விட்டது. ஜெயக்கொடி ஒருமுறை சேலையூருக்குப் போய் அவளைப் பார்க்கக் கதவைத் தட்டினாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஆள் இருந்தது. கதவு திறக்கவில்லை.